போவதற்கு முன்பே போய்வந்தவர்

அறிக்கையார் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு என்னவோ இருந்தது. அது ஓய்வூதியப் புத்தகத்தோடு சரி. கிடங்கு ஆய்வுத் துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கிடங்குகளில் மூட்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, கூரை ஒழுகுகிறதா, எலி நடமாட்டம் உண்டா என்று பார்த்துவர அதிகாரிகள் போவார்கள். போய்வந்ததும் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதை எழுதுவது இவர் வேலை. எழுதுவது என்றால், அதிகாரி கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவார்.

இதில் தப்பு ஏதாவது இருப்பதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த அலுவலகத்தின் நடைமுறையே அதுதான். அதிகாரி அலைந்து களைத்து வருவார்; அறிக்கையோ மறுநாள் காலையில் போயாக வேண்டும். ஆகவே தேதிக்கும் மூட்டை எண்ணிக்கைக்கும் மட்டும் இடம் விட்டு மற்றதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவிடுவது, வந்ததும் அவர் கையெழுத்துப் போடுவது. ஒருமுறை மட்டும் சிக்கல் வந்தது. "கூரை உறுதியாக உள்ளது" என்று அறிக்கை மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கிடங்கின் கூரை முந்தின வாரமே விழுந்துவிட்டது தெரிந்தது. அலுவலகம் கொஞ்சமும் அசரவில்லை. அவசர நிதியில் கூரையைப் புதிதாகப் போட்டு அறிக்கையை உண்மையாக்கிவிட்டார்கள். நேரில் பார்த்தவன் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும், பார்க்காதவன் எழுதினால்தான் தெளிவு இருக்கும் என்பது அறிக்கையாரின் கொள்கை. இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு அவர் பணிக்காலம் முழுவதையும் ஓட்டினார். பாராட்டுப் பத்திரம்கூட வாங்கினார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வெளிநாடு போகும் வாய்ப்பு வந்தது.

ஒரே மகள் அங்கே மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். கல்யாணமாகிக் கணவனோடு போனவள். மாப்பிள்ளை பெரிய கட்டுமான நிறுவனத்தில் பொறியாளர். அவன் போட்டோ இவர் வீட்டுக் கூடத்தில் இவருடைய போட்டோவைவிடப் பெரிதாக மாட்டியிருந்தது. ஒருநாள் மகள் போனில் வீடியோவில் கூப்பிட்டு, நீங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள், நேரில் பேச வேண்டும் என்றாள். அறிக்கையாருக்குத் தலைகால் புரியவில்லை. "வந்து இருந்துவிட்டுப் போங்கள்" என்பது வரைக்கும்தான் காதில் விழுந்தது. மற்றதைக் கேட்டுக்கொண்டவள் அவர் மனைவிதான். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள்; ஒருவர் சொல்வதைவிட, சொல்லும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தே பழகியவள்.

"வீடியோவுல பாத்தீங்களா, பின்னாடி சுவரு மாறியிருக்கு" என்றாள் அவள்.

"பெயின்ட் அடிச்சிருப்பாங்க" என்று அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார் அவர்.

அவருக்கு வேறு கவலை. அந்தத் தெருவில் வெளிநாடு போய்வந்த ஓய்வூதியக்காரர் யாரும் சும்மா இருந்ததில்லை. எதிர்வீட்டுத் தபால்காரர் போய்விட்டு வந்து ஒரு பயண நூல் எழுதினார். கோடிவீட்டு ஓவிய ஆசிரியர் பாதிப் பக்கங்களைப் படத்தாலேயே நிரப்பி இன்னொன்று எழுதினார். ஓய்வூதியர் சங்கத்தின் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இவைதான். எல்லாவற்றிலும் தெருக்கள் சுத்தமாக இருந்தன, எல்லாவற்றிலும் ஆசிரியர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பாலத்தின் மேல் நின்றார். வாழ்நாளெல்லாம் எழுதியே பிழைத்தவர் இந்த விஷயத்தில் பின்தங்கலாமா?

புத்தகத்துக்கு "நான் மிதித்த அந்நிய மண்" என்று பெயர் வைத்தாயிற்று. துறையின் பழைய இயக்குநர் வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டார்; ஆனால் அவருக்கு ஒழிந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கக் கட்டடமும் அன்றைக்குத்தான் காலி. அறிக்கையார் ஊர் திரும்பியதும் வருகிற முதல் ஞாயிறு அது. போய்வந்து எழுதி, அச்சுக்குக் கொடுத்து, அதற்குள் கையில் வாங்குவது நடக்கிற காரியமா? வேறு யாராவதாக இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். இவர் பேனாவைத் திறந்தார்.

மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எந்தப் பெட்டி எவ்வளவு எடை என்று எடைக்கருவியில் தானும் ஏறி நின்று, பெட்டியோடும் ஏறி நின்று, கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவர் விமானத்தில் ஏறி, மேகங்களைக் கண்டு வியந்து, இறங்கி, வரிசையில் நின்று, அந்நாட்டு மக்களின் ஒழுங்கைக் கண்டு மனம் நெகிழ்ந்துகொண்டிருந்தார். ஐந்தாம் அத்தியாயம் "என் மகள் இல்லம்". அதில் மாடிவீடு இருந்தது, பின்னால் தோட்டம் இருந்தது, தோட்டத்தில் மாப்பிள்ளை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். சனிக்கிழமை தோறும் மாமனார் மாமியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினான். "இப்படியொரு மருமகன் கிடைக்க என் மகள் என்ன தவம் செய்தாளோ என்று என் துணைவி கண் கலங்கினாள்" என்றுகூட எழுதினார். துணைவி அப்போது பெட்டியின் மேல் உட்கார்ந்து, பூட்டிக்கொள்ளாத பூட்டைப் பூட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அச்சகக்காரர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். படங்களுக்கு மட்டும் சில பக்கங்கள் விட்டு வைத்தார்கள். அங்கே போய்ப் போனில் எடுத்து அனுப்ப வேண்டியது. கடைசிப் படம் மாப்பிள்ளையும் மாமனாரும் தோளில் கைபோட்டு நிற்பது.

விமானத்திலிருந்து இறங்கி வெளியே வந்தால் மகள் மட்டும் நின்றாள். மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருப்பதாகச் சொன்னாள். ரயிலில் ஏறி, பஸ்ஸுக்கு மாறி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். துணி வெளுக்கும் கடை ஒன்றின் மேலே ஒரே அறை, ஓரமாகச் சமையல் மேடை. கீழே இயந்திரங்கள் சுற்றுவதில் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. முந்தைய வீட்டில் பழுது வேலை நடக்கிறது என்றாள். அறிக்கையார் சுற்றிப் பார்த்துவிட்டு, மாடி என்பது சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். பின்னால் தோட்டம் இருக்கிறதா என்று கேட்டார். மகள் ஜன்னலைத் திறந்து காட்டினாள். குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன.

மனைவிக்கு அந்த வீட்டைப் புரிந்துகொள்ள ஒரு பகல் போதுமாக இருந்தது. ஒரு தலையணை, ஒரு தட்டு, தம்ளரில் ஒரு பல்துலக்கி. அவர் வெளியே படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவின் சுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இவள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து நேராகக் கேட்டாள். மகளும் மறைக்கவில்லை. அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ எதுவும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். தாய் சரி என்றாள். அந்தச் சரியைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அறிக்கையாரோ அச்சகத்திலிருந்து வாங்கிவந்த சோதனைப் பிரதிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊரைத் தணிக்கை செய்யக் கிளம்பிவிட்டார். அந்த நாட்டில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை என்று எழுதியிருந்தார். ஒரு பஸ்காரன் அவர் காதருகே அடித்தான். அவன் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவனாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ரயில் ஒரு நொடி தாமதமாகாது என்று எழுதியிருந்தார். ரயில் சாவகாசமாக வந்தது. தன் கைக்கடிகாரத்தைச் சந்தேகமாகப் பார்த்து, அதன் முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டார். நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்ததாக மூன்று பக்கம் எழுதியிருந்த அருங்காட்சியகம் பராமரிப்புக்காக மூடிக்கிடந்தது. அதன் பூட்டிய கதவு முன்னால் இப்போதுதான் வெளியே வந்தவர் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். பாலத்தின் மேலும் நின்றார், கோட்டோடு.

உண்மையைச் சொன்னால், அந்த ஊரில் பார்க்க எவ்வளவோ இருந்தது. கீழே கடைக்காரி தினமும் இவர்கள் மூவருக்கும் கையசைத்து ஏதோ சொன்னாள். பூங்காவில் ஒரு கிழவர் இவரைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். மனைவி அவர்களோடெல்லாம் மொழி தெரியாமலே சிநேகமாகிவிட்டாள். இவர் புத்தகத்தில் கடைக்காரிக்கும் கிழவருக்கும் இடமில்லை. அதனால் அவர்கள் இவர் கண்ணில் படவில்லை.

மகள் சொல்லிவிடத்தான் பார்த்தாள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, "அப்பா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால், வெளிச்சம் நன்றாக இருக்கிறது, முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு என்பார். சாப்பிடும்போது ஆரம்பித்தால், மாப்பிள்ளை என்றைக்கு வருகிறார், படம் ஒன்று பாக்கி இருக்கிறது என்பார். மருந்துக்கடையில் எந்த முரட்டு வாடிக்கையாளரையும் சமாளிக்கிறவள், பெற்ற தகப்பனிடம் வாய் திறக்க முடியாமல் தவித்தாள். பாவம், எங்கே நுழைவது? அந்த மனிதரிடம் எல்லாமே ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அவராகவே ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்து நீட்டினார். உன்னைப் பற்றித்தான், படித்துப் பார் என்றார். அவள் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து படித்தாள். அவசரப்படாமல், ஒரு வரி விடாமல் படித்தாள். தாய் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். பாராட்டு எந்த வடிவத்தில் வரும் என்று அவர் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குப்பா" என்றாள் மகள். "இந்த வீட்ல நான் இருந்திருக்கலாம்."

அவருக்குப் புரியவில்லை.

"அவர் போயி எட்டு மாசம் ஆச்சு. வேற ஒருத்தியோட இருக்கார். அந்த வீட்டையும் காலி பண்ணிட்டார். நான் இங்க இருக்கிற அனுமதியே அவர் வேலையை வச்சுக் குடுத்ததுதான், அது இன்னும் மூணு மாசத்துல முடியுது. இதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்." காகிதங்களை ஒழுங்காக அடுக்கி அவரிடமே நீட்டினாள். "நான் நம்ம வீட்டுக்கு வந்துடட்டுமாப்பா?"

கீழே இயந்திரங்கள் சுற்றின. ஒரு தகப்பன் சொல்லக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும். அறிக்கையார் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் தாள்களைப் பார்த்தார்.

"அச்சாயிடுச்சேம்மா" என்றார்.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் தெருவில் இறங்கி நடந்தார், வழியெல்லாம் அழுதார். அந்த ஊரில் அவர் முன்கூட்டி எழுதாமல் செய்த முதல் காரியம் அதுதான். ஆனால் அழுது முடித்ததும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. அச்சகக்காரரைப் போனில் பிடித்து, ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். படப் பக்கம் தவிர எல்லாம் அச்சடித்தாயிற்று, வேண்டுமானால் பிழைத்திருத்தம் என்று ஒரு துண்டுத்தாள் செருகலாம் என்றார் அவர். அறிக்கையார் பெஞ்சில் உட்கார்ந்து பிழைத்திருத்தம் எழுதிப் பார்த்தார். "மாப்பிள்ளை என வரும் இடங்களில் நண்பர் ஒருவர் எனத் திருத்தி வாசிக்கவும்" என்று எழுதினார். படித்துப் பார்த்தார். மகள் தோட்டம் வைத்த மாடிவீட்டில் நண்பர் ஒருவரோடு ஆனந்தமாகக் குடித்தனம் நடத்தினாள். தூக்கிவாரிப் போட்டது. துண்டு துண்டாகக் கிழித்துத் தொட்டியில் போட்டார்.

திரும்பிவந்து மகளிடம் தன் தீர்மானத்தைச் சொன்னார். வீடு உன்னுடையதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் புத்தகம் வெளிவந்த சூட்டோடு நீ மட்டும் தனியாக வந்து இறங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? ஒரு ஆறு மாதம் போகட்டும், எல்லாரும் மறந்துவிடுவார்கள், பிறகு வா. அதுவரை யாராவது தோழி வீட்டில் இருந்துகொள்ள முடியாதா?

இதற்குத் தாய்தான் பதில் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய அறிக்கை எதிலும் அவள் திருத்தம் போட்டதில்லை.

"என் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டேன். இவ இங்க கணக்கெல்லாம் முடிச்சுட்டுக் கிளம்புற வரைக்கும் நான் இவகூட இருப்பேன். நீங்க போய் உங்க புத்தகத்தை வெளியிடுங்க."

"நீ இல்லாம எப்படி? கடைசி அத்தியாயத்துல நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஊர் திரும்புறோம்."

"நீங்க எழுதினது. நீங்களே திரும்புங்க" என்றாள்.

அறிக்கையார் தனியாக விமானம் ஏறினார். பக்கத்து இருக்கையில் ஒரு குண்டு மனிதர் வழி முழுக்க இவர் தோளில் சாய்ந்து தூங்கினார். மேகங்கள் கண்ணில் படவே இல்லை.

ஞாயிறு வந்தது. சங்கக் கட்டடத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை; சிற்றுண்டி உண்டு என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தார்கள். தபால்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் நூலைவிட இது எத்தனை பக்கம் கூடுதல் என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை படம் வரவேண்டிய பக்கத்தில் பாலம் இன்னொரு தடவை வந்திருந்தது. பழைய இயக்குநர் எழுந்தார். நேரில் கண்டவர் மட்டுமே எழுதக்கூடிய எழுத்து இது என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் கையெழுத்துப் போட்ட அறிக்கைகள் அத்தனையும் யார் எழுதியது என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். ஐந்தாம் அத்தியாயத்தை ஒரு பக்கம் முழுக்க வாசித்துக் காட்டினார், குரல் தழுதழுத்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஒவ்வொரு வரிக்கும் அறிக்கையார் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தார். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்றார்கள்.

துணைவியாரையும் மேடைக்கு அழைக்கிறேன் என்றார் இயக்குநர். யாரும் வரவில்லை. எல்லாரும் இவரைப் பார்த்தார்கள்.

"அவ மகளோட அங்கயே இருக்கா. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வருவா" என்றார் அறிக்கையார்.

அதில் ஒரு பொய் கிடையாது. அந்த மேடையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். ஆனால் இயக்குநர் ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டு, புரிகிறது, புரிகிறது என்று சிரித்தார். மகளுக்குத் துணையாகத் தாய் தங்கியிருக்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா, நம் நூலாசிரியர் சீக்கிரமே தாத்தா ஆகப்போகிறார் என்று அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தபால்காரர்கூடத் தட்டினார். அறிக்கையார் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். எத்தனை முகங்கள், எல்லாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தன. வாய் தானாகச் சிரித்தது, கைகள் தானாகக் குவிந்தன.

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள். மேடையோரமாக ஒதுங்கி எடுத்தார்.

"அப்பா, எல்லாம் முடிஞ்சுது. வர்ற வெள்ளிக்கிழமை நாங்க கிளம்புறோம்." கைதட்டல் அவளுக்கும் கேட்டது. "அங்க என்னப்பா சத்தம்?"

"கைதட்டுறாங்கம்மா."

"புத்தகத்துக்கா?"

வா என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. அது தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"வாம்மா. கண்டிப்பா வா. ஆனா டிக்கெட் போடறப்ப, ராத்திரி இருட்டினப்புறம் வந்து சேர்ற விமானமா பாத்துப் போடேன்."

கைதட்டல் மட்டும் இங்கிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தது. பிறகு போன் கைமாறும் சத்தம், மனைவியின் குரல்.

"பட்டப்பகல்ல வர்ற விமானத்துலதான் போட்டிருக்கு. தெருவுல எல்லாரும் முழிச்சுக்கிட்டு இருக்கிற நேரத்துக்குத்தான் வீடு வந்து சேருவோம். நீங்க விமான நிலையத்துக்கு வந்து, எல்லாருக்கும் முன்னாடி நின்னு, இவ பெட்டியை வாங்கித் தூக்கிட்டு வரணும். கேக்கறவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நானும் இவளும் வேற வீடு பாத்துக்கறோம்."

கூட்டம் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்து யாரோ புத்தகத்தைத் திறந்து கையெழுத்துக்காக நீட்டினார். அறிக்கையார் அதை வாங்கவில்லை.

"பெரிய பெட்டியா, சின்னதா?" என்று கேட்டார்.

"பெரிசுதான்" என்றாள் மனைவி. "ரெண்டு இருக்கு."